30 ரூபாய்க்கு ஓர் உடல்: ஆண் கருத்தடையின் வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை அரசு 'நவீன வாசக்டமி இருவார விழா' நடத்துகிறது. திருவண்ணாமலையில் அது பெரும்பாலும் தீபத் திருவிழாவை ஒட்டியே வரும். பேனர் கட்டுவார்கள். விழிப்புணர்வு வண்டி ஊர் சுற்றும். துண்டறிக்கை கொடுப்பார்கள். ஆனால் ஆண்கள் வரமாட்டார்கள். விழா முடிந்ததும் 'ஆண்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை' என்ற பழைய வரியே மறுபடியும் சொல்லப்படும்.

எண்களும் அதைத்தான் காட்டுகின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் குழந்தை பெறும் வயதிலுள்ள திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு ஏறத்தாழ 58 சதவீதம். ஆண்களின் பங்கு சொல்லும்படியாக இல்லை. அதே ஆய்வில், கருத்தடை பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று மூன்றில் ஓர் ஆண் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தால், ஆண்கள் எக்காலத்திலும் இந்த மேஜையில் படுத்ததே இல்லை என்றுதான் தோன்றும். உண்மை அதுவல்ல. 60 ஆண்டுகளுக்கு முன்பு இதே மாநிலத்தில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆண் கருத்தடையில் இந்தியாவிலேயே முன்வரிசையில் இருந்தது சென்னை மாநிலம். அந்த ஆண்கள் யார், எதற்காக வந்தார்கள், பிறகு ஏன் நின்றுபோனார்கள்? இதைக் கேட்காமல் விழிப்புணர்வு பற்றிப் பேசுவதில் பயனில்லை.

கருத்தடையைக் கேட்ட இரண்டு குரல்கள்

தமிழ்நாட்டில் கருத்தடை பற்றிய பேச்சு அரசால் தொடங்கியதல்ல. 1920களின் கடைசியில் சென்னையில் நவ மால்தூசியன் சங்கம் இயங்கியது. உயர் நீதிமன்ற நீதிபதி வேபா ராமேசம் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். படித்த, உயர்சாதி, நகரத்துப் பெரிய மனிதர்கள். மக்கள்தொகை பெருகுவதால் வறுமை பெருகுகிறது என்பது அவர்கள் வாதம். 1798ல் மால்தஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிய கருத்தின் வழிவந்த பார்வை அது. நிலம் யாரிடம் இருக்கிறது என்று அதில் கேள்வி வராது. பசித்த வயிறுகள் எத்தனை என்ற கணக்கு மட்டுமே வரும்.

அதே காலத்தில் இன்னொரு குரலும் எழுந்தது. பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். அது 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் ஓர் அத்தியாயமாகவும் இருக்கிறது. பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் வேறுபாட்டைத் தெளிவாகவே பிரித்துக் காட்டினார்.

பம்பாயில் அண்ணல் அம்பேத்கர். கருத்தடை பற்றி மராத்தியில் எழுதிவந்த ஆர்.டி. கர்வே மீது ஆபாச வழக்குப் போட்டபோது, 1934ல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் அம்பேத்கர். 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பி.ஜே. ரோகம் கருத்தடைக்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். உரையைத் தயாரித்தவர் அம்பேத்கர். பிரசவ வலியை ஆண்கள் சுமக்க வேண்டியிருந்தால், ஒரு பிள்ளைக்கு மேல் பெற எந்த ஆணும் சம்மதிக்க மாட்டான் என்ற கருத்து அந்த உரையில் வருகிறது. தீர்மானம் தோற்றது. 1942ல் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், அதிகப் பிள்ளைகள் பெற வேண்டாம், கணவனுக்கு அடிமையாக அல்ல, சமமான தோழியாக நில்லுங்கள் என்று அம்பேத்கர் நம் பெண்களிடம் நேரடியாகவே சொன்னார்.

இரண்டு குரல்களும் கேட்டது கருத்தடையைத்தான். முதல் குரலுக்கு ஏழைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். இரண்டாம் குரலுக்குப் பெண் தன் உடலைத் தானே ஆள வேண்டும். சுதந்திர இந்தியா கையில் எடுத்தது முதல் குரலை. பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்தது.

ஒரு மாதக் கூலி

1952ல் இந்தியா அரசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர் ஆர்.ஏ. கோபாலசாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. ஏற்கனவே மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் பெற்ற தாய் மறுபடியும் பெற்றால், அதற்கு 'முன்யோசனையற்ற தாய்மை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார் அவர். அன்றைய இந்தியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 146 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே இறந்துகொண்டிருந்தன. சேரியில் ஒரு தாய் நான்காவது பிள்ளை பெற்றது முன்யோசனை இல்லாமலா, இருக்கும் மூன்றில் எது மிஞ்சும் என்று தெரியாததாலா? கணக்கெடுப்பில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் ஒதுக்கப்படவில்லை.

கோபாலசாமி பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். காமராஜர் முதல்வராக இருந்த காலம் அது. 1950களின் பிற்பாதியில், கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் ரொக்கம் என்ற திட்டம் இங்கே வந்தது. அடுத்து, ஆள் கூட்டிவருபவருக்குத் தலைக்கு 10 ரூபாய் தரப்பட்டது. பழி விழுந்தது தாய்மேல், கத்தி விழுந்தது தகப்பன்மேல். காரணம் எளிது. ஆணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டாம், சில நிமிடங்களில் முடியும், படுக்கை வேண்டாம், செலவு குறைவு.

30 ரூபாய் என்றால் அன்று என்ன? 1956–57 விவசாயத் தொழிலாளர் விசாரணையின்படி, விவசாயக் கூலி ஆண் ஒருவரின் சராசரி நாள்கூலி அகில இந்திய அளவில் 96 காசு. ஆண்டில் கூலிவேலை கிடைத்தது 200 நாள்கூட இல்லை. அப்படியானால் 30 ரூபாய் என்பது ஒரு மாதக் கூலி, அதுவும் வேலை இல்லாத மாதத்தில் கையில் விழும் மொத்தப் பணம். நிலமுள்ளவனுக்கு அது ஊக்கத்தொகை. அடுத்த வேளைக்கு அரிசி இல்லாதவனுக்கு அதை மறுக்க முடியுமா?

இங்கே சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. திருவண்ணாமலை அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள ஊர்களில் நிலம் யாரிடம் இருந்தது, அந்த நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள் யார் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிலமற்ற கூலிக்கு ஒரு விலை வைத்தால், அது ஊருக்குள் போகாது, நேராகச் சேரிக்குத்தான் வரும். அரசாணையில் சாதிப் பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

ராபர்ட் ரெப்பெட்டோ என்ற ஆய்வாளர் 1968ல் சென்னை மாநில வாசக்டமித் திட்டத்தைப் பற்றித் தனியாகவே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆள் பிடித்தவர்களில் பலர் தாங்களே அறுவை செய்துகொண்ட ஏழை ஆண்கள். அதுவே அவர்களுக்குப் பிழைப்பாகிவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று வந்த பிறகு, கூட்டிவரும் ஆள் வயதானவரா, மணமானவரா, என்ன செய்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்ததா என்பதெல்லாம் இரண்டாம் பட்சமாகிப்போகும். அறுவைக்குப் பிறகு புண் பழுத்தால் யாரிடம் போவது என்பதும் அப்படியே.

காயடிப்பு என்ற சொல்

திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரக் காலனிகளில் ஆண்களிடம் வாசக்டமி என்று பேச்செடுத்தால் முதலில் வரும் சொல் 'காயடிப்பு'. மாட்டோடு வாழ்ந்தவர்களுக்கு அது வெறும் உவமை இல்லை. தீபத்தின்போது மாட்டுச் சந்தை கூடும் ஊர் இது. காயடித்த காளை எப்படி அடங்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள். "ஆபரேஷன் பண்ணிகிட்டா மூட்டை தூக்க முடியாது பா, அப்புறம் யாரு வேலைக்குக் கூப்புடுவான்?" என்று கேட்பார்கள். உடலைத் தவிர வேறு மூலதனம் இல்லாதவர்களின் பயம் அது.

மருத்துவ உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும். காயடிப்பில் விதை அழிக்கப்படுகிறது. வாசக்டமியில் விதையை யாரும் தொடுவதில்லை. விதையிலிருந்து விந்தணுவைக் கொண்டுவரும் இரண்டு மெல்லிய குழாய்களை மட்டும் வெட்டிக் கட்டுகிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தின் வழியே போகிறது, குழாய் வழியே அல்ல. அதனால் மீசையும் குரலும் வலுவும் ஆசையும் எழுச்சியும் அப்படியே இருக்கும். விந்தும் வெளிவரும், அதில் விந்தணு மட்டும் இருக்காது. 1974ல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் கத்தி இல்லாமல் சிறு துளை மூலம் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். தையல்கூடத் தேவையில்லாத அந்த முறைதான் இன்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படுகிறது. அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் கனமான வேலை கூடாது. மிச்சமிருக்கும் விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். மறுபடி இணைக்கும் அறுவை உண்டு, ஆனால் பலன் நிச்சயமில்லை. ஆகவே, போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டுமே இது.

இத்தனையும் 30 ரூபாய்க்கு வரிசையில் நின்றவரிடம் சொல்லப்பட்டிருந்தால் 'காயடிப்பு' என்ற சொல் இவ்வளவு காலம் பிழைத்திருக்குமா? ஆள் பிடித்துக் கொண்டுபோய், கையில் பணம் திணித்து, விளக்கம் சொல்லாமல் அனுப்பினால், மாட்டுக்குச் செய்வதைத்தான் நமக்கும் செய்கிறார்கள் என்று நினைப்பதில் அறியாமை எங்கே இருக்கிறது?

முகாமிலிருந்து அவசரநிலைக்கு

1970ல் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் பெரும் முகாம் நடத்தினார். 15,005 ஆண்களுக்கு வாசக்டமி நடந்தது. 1971 ஜூலையில் அங்கேயே நடந்த அடுத்த முகாமில் ஒரே மாதத்தில் 63,000க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. வழக்கத்தைவிடக் கூடுதலான பணம், பரிசுப் பொருள்கள், திருவிழா போல அலங்காரம். உலகமே அதைப் பாராட்டியது. முகாம் என்ற வடிவம் நாடெங்கும் பரவியது.

1975ல் அவசரநிலை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, தமிழ்நாடும் குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் வந்தது. அந்த ஏப்ரலில் தேசிய மக்கள்தொகைக் கொள்கை வெளியானது. 1976–77 என்ற ஒரே நிதியாண்டில் இந்தியாவில் 82 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. அதில் ஏறத்தாழ 62 லட்சம் பேர் ஆண்கள். வடமாநிலங்களில் கொடுமை அதிகம். ஹரியானாவின் உத்தவார் கிராமத்தைப் போலீஸ் சூழ்ந்து ஆண்களைப் பிடித்துப்போனது. ஷா கமிஷனிடம் 1,700க்கும் மேற்பட்ட மரணங்களும், திருமணமே ஆகாதவர்களுக்கு அறுவை செய்ததாக 500க்கும் மேற்பட்ட புகார்களும் பதிவாயின.

நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் டெல்லி. எம்மா டார்லோ என்ற மானுடவியலாளர் அங்குள்ள வெல்கம் காலனியின் பழைய கோப்புகளைப் படித்து, மக்களிடமும் பேசி எழுதியிருக்கிறார். அரசின் கடைநிலை ஊழியர்கள், அவர்களில் துப்புரவுத் தொழிலாளர்கள், முதலில் நெருக்கப்பட்டார்கள். வேலை வேண்டுமா, சம்பளம் வேண்டுமா, சான்றிதழ் கொண்டுவா. குடிசை இடிக்கப்பட்டவர்களுக்கு மனை வேண்டுமானால் தாங்கள் அறுவை செய்துகொள்ள வேண்டும், அல்லது வேறொருவரைக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் பணமுள்ள ஏழை, தன்னைவிட ஏழையான ஒருவருக்குப் பணம் கொடுத்துத் தன் இடத்தில் படுக்கவைத்தார். படிநிலையில் மேலே உள்ளவன் கீழே உள்ளவன்மேல் பாரத்தைத் தள்ளுவது. சாதி எப்படி இயங்குகிறது என்று அம்பேத்கர் காட்டிய அதே ஏணி, அங்கே அறுவை மேஜைக்கு முன்னால் நின்றது.

எல்லாப் பழியையும் சஞ்சய் காந்தி மேல் போட்டு, அந்த 21 மாதங்களோடு முடித்துவிடுவது வசதியான வரலாறு. 1980களின் தொடக்கத்தில் மரிக்கா விக்ஸியானி என்ற வரலாற்றாய்வாளர் அதை மறுத்தார். அவசரநிலைக்கு முன்பு எல்லோரும் விருப்பத்தோடு வந்தார்கள் என்பதே கட்டுக்கதை என்றார் அவர். கூலிக்கு வழியில்லாதவனிடம் பணத்தை நீட்டுவதும் வற்புறுத்தல்தான். லத்தி பின்னால் வந்தது. அதற்கான பாதையை 30 ரூபாய் முன்பே போட்டிருந்தது.

கத்தி இடம் மாறியது

1977 தேர்தலில் வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. அடுத்த ஆண்டே கருத்தடை அறுவைகள் 10 லட்சத்துக்கும் கீழே போயின. வாசக்டமி 2 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 'குடும்பக் கட்டுப்பாடு' 'குடும்ப நலம்' ஆனது. ஆண்களைத் தொட்டால் ஆட்சி போகும் என்று எல்லாக் கட்சிகளும் கற்றுக்கொண்டன. இலக்கு மட்டும் போகவில்லை. ஆணிடமிருந்து எடுத்த கத்தியைப் பெண்ணிடம் கொண்டுபோனார்கள். பெண் கோபப்பட்டு ஆட்சி போகாது என்பது அவர்கள் கணக்கு.

அதிலிருந்து நம் தாய்மார்களின் அடிவயிற்றுத் தழும்புதான் இந்தியாவின் கருத்தடைத் திட்டம். ஆணுக்கு ஆகும் அறுவையைவிடப் பெண்ணுக்கு ஆகும் அறுவை பெரியது, ஆபத்தும் அதிகம். 1996ல் இலக்கு முறை கைவிடப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. ஆனால் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இறந்தவர்கள் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைப் பெண்கள். 2016ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. மறைமுக இலக்கும் ஊக்கத்தொகையும் ஏழைகளிடமிருந்து உண்மையான தேர்வைப் பறிக்கின்றன என்பதையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது.

2007ல் மத்திய அரசு திருத்திய இழப்பீட்டுப் பட்டியலைப் பாருங்கள். தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் வாசக்டமி செய்துகொள்ளும் எந்த ஆணுக்கும் 1,100 ரூபாய். பெண் என்றால், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கும் எஸ்.சி., எஸ்.டி. பெண்ணுக்கும் 600 ரூபாய், மற்றவர்களுக்கு 250 ரூபாய். கூலி இழப்புக்குத்தான் பணம் என்றால் வறுமைக்கோடு ஒன்றே போதுமே. வறுமைக்கோட்டுக்கு மேலே இருக்கும் தலித் பெண்ணுக்கும் கூடுதல் தொகை எதற்கு? கல்வி உதவித்தொகையில் எஸ்.சி. என்ற பிரிவு இருந்தால் அதன் பொருள் புரிகிறது. எங்கள் பெண்கள் பிள்ளை பெறாமல் இருப்பதற்கு மட்டும் ஏன் தனி விலை?

நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி

இவ்வளவு சொன்ன பிறகு நம் ஆண்களை விட்டுவிட முடியாது. அரசு நம்மை ஏமாற்றியது உண்மை. ஆனால் இன்று 30 வயதில் இருக்கும் ஆண் 1976ல் பிறக்கவே இல்லை. அவர் தயங்குவதற்குத் தாத்தாவின் காயத்தை மட்டும் காரணம் காட்ட முடியாது. இரண்டாவது பிரசவம் முடிந்ததும் "அவரு வேலைக்குப் போகணுமே, நானே பண்ணிக்கிறேன்" என்று மனைவி சொல்கிறாள். அவள் வேலைக்குப் போகாதவளா? நடவுக்கும் களைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவள் அவளும்தான். தையல் பிரிந்த சில வாரங்களில் குடம் தூக்குபவளும் அவள்தான். ஆதிக்கச் சாதி ஆணிடம் நாம் எதிர்க்கும் அதே ஆண்மைப் பெருமையை நம் வீட்டில் கடைப்பிடித்தால், 1938ல் அம்பேத்கர் தயாரித்த அந்த உரைக்கு என்ன மரியாதை?

அதேபோல, சேரி ஆணின் உடல்மேல் அரசுக்கு வந்த ஒரே அக்கறை அந்தக் குழாயை வெட்டுவது மட்டுமாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. வெயிலில் தண்ணீர் குடிக்க நேரமின்றி வேலை செய்து சிறுநீரகக் கல்லோடு அவதிப்படுபவர், விரைவீக்கத்தை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு நடப்பவர், பால்வினை நோயைச் சொல்ல வெட்கப்பட்டு லாட்ஜ் வைத்தியரிடம் பணத்தைத் தொலைப்பவர். இவர்களுக்காக யாரும் இருவார விழா நடத்துவதில்லை. ஆணிடம் அவன் உடல்நலத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் கருத்தடையைப் பற்றி மட்டும் கேட்டால், அவன் முகத்தைத் திருப்பத்தான் செய்வான்.

இப்போது காற்று திசை மாறுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்விலேயே தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை என்ற அளவுக்கு வந்துவிட்டிருந்தது. தொகுதி மறுவரையறையில் இடங்கள் குறையும் என்ற பேச்சு எழுந்ததும், 2024 அக்டோபரில் திருமண விழா மேடையிலேயே முதல்வர் மு.க. ஸ்டாலின் பதினாறு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். 2025 மார்ச்சில் புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற வேண்டும் என்றார். தொகுதிகளைக் காப்பது நியாயமான போராட்டம்தான். ஆனால் அன்று குறை என்றார்கள், இன்று பெருக்கு என்கிறார்கள். இரண்டு முறையும் பெண்ணின் வயிறு மாநிலத்தின் கணக்குப் புத்தகம்.

நாம் கேட்க வேண்டியவை சில. கருத்தடைக்குச் சாதி பார்த்து விலை வைப்பதை நிறுத்துங்கள். அறுவை செய்துகொள்பவர் ஆணோ பெண்ணோ, ஓய்வு நாள்களுக்கு உரிய கூலியை முழுமையாகக் கொடுங்கள். ஆள் பிடிப்பதற்குத் தலைக்குப் பணம் கொடுப்பதை ஒழியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்தில் ஒரு மாலை, ஆண்கள் வேலை முடித்து வரும் நேரத்தில், ஆண்களுக்கான மருத்துவரை உட்கார வையுங்கள். சிறுநீர்க் கடுப்பிலிருந்து தொடங்கட்டும், கருத்தடையில் முடியட்டும். நிரோத் 1968ல் மூன்று 15 காசுக்குப் பெட்டிக்கடையில் விற்றது. இன்று இலவசமாகக் கிடைப்பதை நர்ஸம்மாவிடம் கேட்க வெட்கப்படும் ஆண்கள் கூச்சமின்றி எடுத்துக்கொள்ள ஓர் இடம் வையுங்கள்.

நம் ஆண்களிடம் கேட்பது ஒன்றுதான். யாரும் பணம் நீட்டாதபோது, யாரும் பிடித்துக்கொண்டு போகாதபோது, நீங்களாக யோசித்து அந்த மருத்துவமனைக்குப் போனால் அது காயடிப்பு ஆகாது. இரண்டு பிரசவங்களைத் தாங்கிய உடலுக்கு மூன்றாவதாக ஒரு கத்தி வேண்டாம் என்று நீங்கள் எடுக்கும் முடிவு அது. அண்ணலும் பெரியாரும் கேட்டது இப்படிப்பட்ட முடிவைத்தான்.

ஜெய்பீம்.